மாதிரிக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை

கல்யாண வேலைகளிலேயே கஷ்டமானது மாப்பிள்ளை தேடுவது என்று யாராவது சொன்னால், அவர் எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்டுப் பார்த்ததில்லை என்று அர்த்தம். மாப்பிள்ளை ஒருவர்தான். பெயர்கள் நூற்றுக்கு மேல். யார் முதலில், யார் அடுத்து, யாரை யார் பக்கத்தில் போட்டால் மண்டபத்தில் நாற்காலி பறக்கும் என்பதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. அப்படிப்பட்ட ஒரு பட்டியலை, என் அக்கா கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, எந்த நாட்டில் இருக்கிறான் என்றே தெரியாத ஒரு திருடனைக் கூப்பிட்டுப் பூட்டச் சொன்னவள் நான். அவன் பங்கு பாதிதான். மீதி நாசத்தை என் சொந்த முயற்சியில் செய்து முடித்தேன்.

அப்போது நான் திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் வேலை தேடிக்கொண்டிருந்தேன் (அதாவது பத்து மணிக்கு எழுந்துகொண்டிருந்தேன்). எங்கள் ஊர் திருவாமாத்தூருக்குப் பக்கம். அப்பாவுக்குக் கரும்பும் மல்லாட்டையும்தான் (வெளியூர்க்காரர்களுக்கு வேர்க்கடலை) உலகம். அந்த வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவள் என்றால் டாக்டருக்கு ஒரு படி மேல். போன் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மிக்ஸி ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் 'எனக்கு மிக்ஸி தெரியாது' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. திருகாணியைக் கழற்றி, உள்ளே ஊதி, மறுபடி மாட்டிக் கொடுப்பேன். ஏதோ ஒரு தெய்வம் அதை ஓட வைக்கும். இந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

கோமதி அக்காவுக்கு ஆவணியில் முகூர்த்தம் குறித்ததும், பத்திரிகைக்கான பெயர்களை அம்மா சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் அடிப்பது என்று முடிவானது. அம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டே பெயர் சொன்னார். எங்கள் அம்மாவுக்கு ஒருவர் பெயரை மட்டும் தனியாகச் சொல்ல வராது. பெயரோடு அவர் குணம், அவர் செய்த துரோகம், போன கல்யாணத்தில் அவர் நடந்துகொண்ட விதம் எல்லாம் சேர்ந்துதான் வெளியே வரும். நானோ டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். "நீ பேசிக்கினே இரும்மா, ஒரு வார்த்த உடாம அடிக்கிறேன் பாரு" என்று சவால் விட்டு, பெயரை அடித்து, அம்மா சொன்ன மற்றதை எல்லாம் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் அடித்து வைத்தேன். வேகத்தில் அடிக்கும்போது விஷயம் மூளைக்குப் போகாது, விரலோடு நின்றுவிடும். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியிலிருந்து முகூர்த்த நேரம் வரை, இரண்டாம் பக்கத்திலிருந்து பெயர்கள் என்று இருந்த அந்த பைலுக்கு 'புல் லிஸ்ட்' என்று பெயர் வைத்தேன்.

பிறகு அதிலிருந்து நல்ல பிள்ளையாக ஒரு பத்திரிகை தயாரித்தேன். அது தயாரான பிறகுதான் பஞ்சாயத்தே ஆரம்பித்தது. சிக்கல் எங்கள் பெரியப்பா. கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் டயர் கடை வைத்திருக்கிறார். அவர் பங்கு நிலம் அப்பா நிலத்தை ஒட்டியே இருக்கிறது. அதன் வழியாக அப்பா அவரைக் கேட்காமல் தண்ணீர் பைப் புதைத்துவிட்டார் என்று இரண்டு வருடமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. கூடப்பிறந்த அண்ணன் வராமல் பெண்ணைத் தாரை வார்ப்பதா என்று அப்பா யாரிடமும் கேட்கவில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார், அவ்வளவுதான்.

நடுவில் நின்று பேசியவர் அம்மாவின் தம்பி, கிளியனூர் மாமா. மல்லாட்டைத் தரகர். கிளியனூருக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் ஆறு நடை நடந்தார். பெரியப்பா ஒவ்வொரு நடைக்கும் ஒரு திருத்தம் சொல்லி அனுப்பினார். கடைசியில், "பேர போட்டுக்கச் சொல்லு. வர்றத நான் அப்பறம் பாத்துக்கறேன்" என்ற அளவுக்கு இறங்கி வந்தார். ஒவ்வொரு நடைக்கும் நான் ஒரு புது பைல் சேமித்தேன். பைனல், பைனல் புதுசு, பைனல் கடைசி, கடைசிக்குக் கடைசி, இப்படி ஆறு. திண்டிவனத்தில் அச்சகக்காரர் புதன்கிழமை மத்தியானத்துக்குள் கொடுத்தால்தான் ஆச்சு, இல்லாவிட்டால் முகூர்த்த நெரிசலில் தள்ளிப்போகும் என்று சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் தயார். அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மயில் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அச்சகத்து மயில் வேண்டாம், நானே வரைந்த மயில். அதற்கு ஒரு டிசைன் சாப்ட்வேர் தேவைப்பட்டது. அது விலைக்கு விற்கிற பொருள். ஓசியில் கிடைக்கும் என்று ஒரு இணையதளம் சொன்னது. அந்தப் பக்கத்தில் 'டவுன்லோடு' என்று ஏழு பச்சைப் பொத்தான்கள் இருந்தன. ஆறாவதில் இறங்கியது. ஆன்ட்டிவைரஸ் சிவப்பாக எரிந்து கத்தியது. 'ஆன்ட்டிவைரஸ் கத்தும், முதலில் அதை அணைத்துவிடவும்' என்று அந்தத் தளத்திலேயே குறிப்பும் போட்டிருந்தார்கள். நாயைக் கட்டிப் போடு, நான் சுவர் ஏறிக் குதிக்க வேண்டும் என்று ஒரு திருடன் சொன்னால் யாராவது கட்டிப் போடுவார்களா? நான் போட்டேன். கதவையும் திறந்து வைத்தேன்.

மயில் வரவில்லை. கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. பிறகு பார்த்தால் திரையில் இருந்த ஒவ்வொரு பைலும் வெள்ளைத் தாளாக மாறியிருந்தது. எல்லாப் பெயருக்கும் வாலில் நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் படித்த படிப்புக்கு ஏற்றபடி ரிப்ரெஷ் அடித்தேன். ஒரு நாற்பது தடவை அடித்திருப்பேன். பிறகு அணைத்துப் போட்டேன். வால் போகவில்லை. எல்லா போல்டரிலும் ஒரு கடிதம் உட்கார்ந்திருந்தது. கவலைப்படாதே, உன் பைல்களை எல்லாம் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமென்றால் இன்ன முகவரிக்கு எழுது, இத்தனை டாலர் கொடு என்று ஆங்கிலத்தில். டாலரை ரூபாயாக்கிச் சொன்னதும் அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

அம்மாவுக்குத்தான் புரிய வைக்க முடியவில்லை.

"ஊடு பூட்டி இருக்குது. எவனும் உள்ள வரல. அப்பறம் எப்டிடி வந்து பூட்டுனான்?"

"நெட்டு வழியா வந்துட்டாம்மா."

"நீ எதுக்குக் கதவத் தொறந்த?"

ஒன்றும் தெரியாமலேயே அம்மா சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். கோமதி அக்கா என்னைத் திட்டக்கூட இல்லை. "பெரியப்பா ஒத்துக்கினதே பெரிய விஷயம். மறுபடியும் மொதல்லேர்ந்து யாரு போய்க் கேக்கறது பவானி?" என்று மட்டும் கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

திங்கட்கிழமை காலையில் மாமா பைக்கில், சிபியுவை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு விழுப்புரம் போனேன். அங்கே சாதிக் பாய் என்று ஒருவர் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். பல வருடம் வளைகுடாவில் கம்பெனி கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டிருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பதற்றமே படாத மனிதர். மாட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஓசி சாப்ட்வேர் எறக்குனியாம்மா?"

"இல்ல பாய்."

அவர் கண்ணாடியை மறுபடி கழற்றினார்.

"ஆமா பாய்."

"இத ஒடைக்கறதுக்கு நம்மகிட்ட சாவி இல்ல. அவன்கிட்டதான் இருக்குது. காசு குடுத்தாலும் சாவி வரும்னு சொல்ல முடியாது, அதனால குடுக்கறத மறந்துடு. பேக்கப் வெச்சிருக்கியா?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி தலையை நிமிர்த்திச் சொன்னேன். "வெச்சிருக்கேன் பாய். எல்லாத்தயும் ரெண்டு காப்பி வெச்சிருக்கேன்."

"எங்க?"

"ஒண்ணு இதுலயே டி டிரைவ்ல இருக்குது. இன்னொண்ணு பென் டிரைவ்ல."

"பென் டிரைவ் எங்க இருந்திச்சி?"

அதுவும் அந்த நேரத்தில் கம்ப்யூட்டரிலேயே செருகி இருந்தது. சாதிக் பாய் கடை வாசலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் இருமினார். சிரிப்பை அடக்கினார் என்று இப்போது புரிகிறது.

இந்த இடத்தில்தான் மாமா உள்ளே புகுந்தார். அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எனக்குத் தமிழில் படித்துச் சொல்லு, படித்துச் சொல்லு என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். நான் படித்துக்கொண்டே வந்து, 'எங்கள் மேல் நம்பிக்கை வருவதற்காக ஏதாவது ஒரு பைலை மட்டும் இலவசமாகத் திறந்து தருகிறோம், அதில் விலைமதிப்பான தகவல் இருக்கக் கூடாது' என்ற வரிக்கு வந்ததும் மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"நிறுத்து, நிறுத்து. ஒண்ணு சும்மா தொறந்து குடுக்கறேன்றானா?"

"ஆமா மாமா."

"மாதிரிடி அது! மூட்டையில கைய உட்டு ஒரு பிடி மல்லாட்ட அள்ளிக் காட்டுவோமே, அதான். இவன் திருடன் இல்லடி, யாவாரி."

"திருடன்தாங்க," என்றார் சாதிக் பாய்.

"இருக்கட்டும் பாய். மாதிரி குடுக்கறான் இல்ல? எங்கிட்ட எத்தினி பேரு மாதிரிய வாங்கி, ஒடச்சி, வாயில போட்டுக்கினு, மூட்ட வேணான்னு போயிருக்கான் தெரியுமா? இன்னிக்கி நாம போவோம். நமக்கு வேண்டியது பத்திரிகை ஒண்ணுதான. அதயே மாதிரியா குடுக்கச் சொல்லு!"

சாதிக் பாய் யோசித்தார். வளைகுடாவில் இத்தனை வருடத்தில் எந்த அதிகாரியும் இப்படி யோசித்ததில்லை போலும். "கல்யாணப் பத்திரிகையில அவனுக்கு ஒரு லாபமும் இல்ல. தொறந்து குடுத்தாலும் குடுப்பான். பாத்து எடும்மா, ஒண்ணே ஒண்ணுதான்" என்றார். பைல்களை மட்டும் தனியாக எடுத்துக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரை மொத்தமாகத் துடைக்க வேண்டும் என்று அங்கேயே வைத்துக்கொண்டார்.

எதை எடுப்பது? திறந்து பார்க்க வழியில்லை. தேதி பார்க்கலாம் என்றால், திருடன் கை வைத்ததில் எல்லா பைலுக்கும் ஞாயிற்றுக்கிழமை தேதி விழுந்திருந்தது. பைனல், கடைசி என்று ஆறு இருந்தன. 'கடைசி' முந்தியதா, 'கடைசிக்குக் கடைசி' முந்தியதா என்பதே குழம்பிவிட்டது. நடுவில் இரண்டு முறை பழையதற்கே திரும்பிப் போயிருந்தோம். அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. அளவைப் பார்! எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் பெயர் கூடுமே தவிர ஒருநாளும் குறையாது. ஆகவே எது ரொம்பப் பெரியதோ அதுதான் கடைசி. இந்தக் கணக்கைக் கேட்டு மாமா என் முதுகில் தட்டி, "படிச்ச பொண்ணுன்னா இதான் பாய்" என்றார்.

மிகப் பெரியது 'புல் லிஸ்ட்' என்ற பைல். பெயரே முழுப் பட்டியல் என்கிறது, இன்னும் என்ன சந்தேகம்?

வீட்டுக்கு வந்து கோமதி அக்கா போனிலிருந்து, புதிதாக ஒரு மெயில் முகவரி தொடங்கித் திருடனுக்குக் கடிதம் எழுதினேன். எனக்கு ஆங்கிலத்தில் கடிதம் என்றால் பள்ளிக்கூடத்து விடுப்பு விண்ணப்பம் ஒன்றுதான் தெரியும். மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்தேன். என் அக்காவின் திருமணம் நடைபெற இருப்பதால் இந்த பைலைத் திறந்து தருமாறு பணிவன்புடன் கேட்டேன். தங்கள் கீழ்ப்படிதலுள்ள என்று முடித்துப் பெயரும் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "கல்யாணத்துக்கு வரச் சொல்லி ஒரு வார்த்த போடுடி, மனசு எளகும்" என்றார். அதையும் போட்டேன் (மண்டபத்தின் பெயரோடு).

செவ்வாய்க்கிழமை முழுக்கப் பதில் இல்லை. புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தது. ஒரே ஒரு சொல், 'சரி' என்று. கூடவே பைல், வால் இல்லாமல்.

போனில் திறந்தேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, குலதெய்வத்தின் பெயர், அக்கா பெயர், மாப்பிள்ளை பெயர், முகூர்த்த நேரம் எல்லாம் எழுத்துக்கு எழுத்து இருந்தன. நான் வாய்விட்டு அழுதேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். அச்சகத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி, அச்சுக்குப் போகும் முன் எல்லாரும் ஒரு தடவை பார்த்தாக வேண்டும். எங்கள் சொந்தக்காரர்கள் எண்பத்து மூன்று பேர் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த பைலைப் போட்டு, 'பத்திரிகை ரெடி. அவரவர் பெயரைச் சரிபார்த்து ஜல்தியாக ஓகே சொல்லவும்' என்று எழுதினேன். இரண்டாம் பக்கத்தைத் தள்ளிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

வழக்கமாக ஒரு குட் மார்னிங் போட்டாலே நாற்பது பூங்கொத்து வரும். அன்று ஒன்றும் வரவில்லை. பார்த்தவர்கள் பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே போனது. குழுவுக்குள் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததே இல்லை. மூன்றாவது நிமிடம் அத்தையிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அப்பாவின் அக்கா, விழுப்புரத்தில் இருப்பவர்.

"பவானி கண்ணு, எம்பேரு சரியாத்தான் இருக்குது. பக்கத்துல இருக்கறதயும் சேத்து அச்சடிக்கப் போறீங்களா?"

இரண்டாம் பக்கத்தைத் தள்ளினேன்.

அத்தை பெயர். அதற்கு எதிரே: (விடியக்காலம் ஆறு மணிக்கே வந்து மொத வரிசையில ஒக்காந்துக்கும். ஒரு துரும்பக் கிள்ளிப் போடாது. சாம்பார்ல உப்பு இல்லன்னு மட்டும் மொத ஆளா சொல்லும்.)

சித்தி பெயர். (கட்டிக்கினு வர்ற பட்டு அவளுது இல்ல, தங்கச்சிகிட்ட எரவல். கேட்டா காஞ்சிபுரத்துல எடுத்தேன்னு சொல்லுவா.)

அம்மாவின் பெரியம்மா மகள் குடும்பம். (இவங்களுக்குப் பத்திரிகை வெக்கலன்னா வந்து சண்ட போடுவாங்க. வெச்சா வர மாட்டாங்க.)

ஆறு நடை நடந்த கிளியனூர் மாமா. (எந்தம்பிதான், இருந்தாலும் சொல்றேன், இவன் கையில மைக்க குடுத்துடாதீங்க. தாலி கட்டற நேரம் தாண்டிடும்.)

இப்படியே ஐந்து பக்கம். ஒருவரும் தப்பியிருக்க மாட்டார்கள் என்பது மீதியைப் படிக்காமலேயே தெரிந்தது. நான் அந்தச் செய்தியை அழித்தேன். திருடன் அனுப்பிய மெயிலையும் அழித்தேன். போனில் இறங்கியிருந்த பைலையும் அழித்தேன். ஒரு குற்றவாளி செய்ய வேண்டிய எல்லாவற்றையும் ஒரே நிமிடத்தில் செய்து முடித்தேன். ஆக, அம்மா சொன்ன அத்தனையும் இப்போது எங்களைத் தவிர எல்லாரிடமும் இருந்தது.

அம்மாவிடம் சொன்னபோது அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "நான் பேசிக்கினு இருந்தா அதயெல்லாமா அடிப்ப?" என்றார். பிறகு, "சொன்னதுல எதாச்சும் பொய்யா?" என்றார். அதற்கும் பிறகுதான் முகம் மாறியது.

"ஏண்டி, உங்க பெரியப்பா பேருக்கு எதிர இன்னா சொன்னேன்?"

எனக்கு நினைவில்லை. அம்மாவுக்கும் நினைவில்லை. குழுவில் யாரிடமும் கேட்கிற முகமும் எங்களுக்கு இல்லை. "பைப்பு விஷயத்துல எனக்கு அவரு மேல ரொம்பக் கோவம். எதுனா கன்னாபின்னான்னு சொல்லியிருப்பேன்" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரே ஆறுதல், பேச்சு வார்த்தை இல்லாததால் பெரியப்பா அந்தக் குழுவில் இல்லை. அந்த ஆறுதல் சாயங்காலம் நான்கு மணி வரை இருந்தது. அத்தை ஒரு பிரவுசிங் சென்டரில் ஐந்து பக்கத்தையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு, கூட்டேரிப்பட்டுக்கு பஸ் ஏறிவிட்டார் என்று மாமா போன் செய்தார்.

"எம்பேர பாத்ததோட மூடிட்டேன். எங்கக்கா என்னயே உட்டு வெக்கல. அவரயா உட்டு வெச்சிருக்கும்?" என்றார். மாமாவின் குரலில் அவ்வளவு சோர்வை நான் கேட்டதே இல்லை. "அந்த மனுசன் இனிமே வர மாட்டாரு பவானி. நான் இன்னொரு நட போவ மாட்டேன்."

நான் அப்பா எதிரே போய் நின்று, "என்னாலதாம்பா" என்றேன். "உடு" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனார். அந்த 'உடு'வில் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் திமிரும் போய்விட்டது. அக்கா கல்யாணத்தைக் கெடுத்தவள் என்று சாகும்வரை சொல்லப் போகிறார்கள், சொல்லட்டும், அது நியாயம்தான் என்று இருந்தது.

வியாழக்கிழமை காலையில், நாங்கள் இட்லியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. பெரியப்பா. இரண்டு வருடம் கழித்து எங்கள் வாசலில் கால் வைக்கிறார். சட்டைப் பையில் மடித்த தாள். அம்மா எழுந்து சுவரோரம் ஒதுங்கினார். அப்பா கைகூடக் கழுவாமல் நின்றார்.

பெரியப்பா என்னைத்தான் கூப்பிட்டார். "நீதான அடிச்ச? படி."

தாளை வாங்கினேன். ஐந்தாம் பக்கத்தின் அடியில் அவர் பெயர் இருந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா" என்றார்.

படித்தேன். (பெரியவரு பேர மொதல்ல போடு. பேசலன்னாலும் இந்த ஊட்டுக்குப் பெரிய ஆளு அவருதான். அவரு மட்டும் கல்யாணத்துக்கு வரலன்னு வெச்சிக்கோ, உங்கப்பா மோட்டார் கொட்டாயில போய் ஒக்காந்து அழுவாரு. நம்மகிட்ட சொல்ல மாட்டாரு.)

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாடா?" என்றார் பெரியப்பா.

அம்மாதான், "நெசந்தாங்க. ஏற்கெனவே ரெண்டு தபா போய் ஒக்காந்துட்டு வந்தாரு" என்றார்.

"பைப்பு பொதைக்கறப்போ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கடப்பாறய எடுத்துக்கினு வந்திருப்பேனேடா."

"சொல்லாதது தப்புதாண்ணே."

இவ்வளவுதான் பேசினார்கள். இரண்டு வருடச் சண்டை இவ்வளவுதான். பெரியப்பா அப்பாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு வைத்திருந்த தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் சாம்பாரில் விழுந்துகொண்டிருந்தது. நான் அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதேன். அங்கே ஏற்கெனவே அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

அத்தை பிறகு சொன்னதை வைத்துத்தான் நடந்தது தெரிந்தது. பெரியப்பாவைக் கிளப்பிவிட்டு இரண்டு பேருமாகக் கல்யாணத்தைப் புறக்கணிப்பது என்ற திட்டத்தோடு போயிருக்கிறார். தன் பெயருக்கு எதிரே இருந்ததை அத்தை உணர்ச்சியோடு படித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, பெரியப்பா தாளைப் பிடுங்கித் தன் பெயரைத் தேடியிருக்கிறார். படித்தவர் வாயே திறக்கவில்லையாம். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு லாரி டயரைக் கழற்ற உட்கார்ந்துவிட்டாராம். கோபம் தலைக்கேறிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்து அத்தை திருப்தியாக பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருக்கிறார்.

அன்றே பெரியப்பா ஒரு வெள்ளைத் தாளில் பேனாவால் பெயர்களை எழுதி, யாரையும் கேட்காமல், யாருக்கும் காட்டாமல், திண்டிவனம் போய் அச்சகத்தில் உட்கார்ந்துகொண்டார். நெரிசல் என்று சொன்னவர் அவர் உட்கார்ந்த தோரணையைப் பார்த்து அன்று மாலையே அடித்துக் கொடுத்துவிட்டார். மூத்தவர் எழுதிய வரிசை என்பதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் மூன்று வாரம் போட்ட பஞ்சாயத்து அவருக்கு அரை மணி நேர வேலை. மூலையில் அச்சகத்து மயில் இருந்தது. நன்றாகவே இருந்தது.

கல்யாணத்தன்று விடிய ஆறு மணிக்கு அத்தை வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். "வந்துட்டேன். எனக்கு ஒரு வேலயும் குடுக்காதீங்க, எழுதி வெச்சிருக்குது" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பந்தியில் முதல் ஆளாக, "உப்பு சரியா இருக்குது, எழுதிக்க" என்று எனக்குச் சொல்லி அனுப்பினார். மாமாவிடம் யாரோ மைக்கைக் கொடுக்கப் போனபோது ஐந்தாறு பேர் ஓடிப்போய்ப் பிடுங்கினார்கள். பத்திரிகை வைத்தால் வர மாட்டார்கள் என்று அம்மா சொன்ன குடும்பம் வேன் பிடித்துக்கொண்டு வந்தது.

சித்தி மட்டும் வரவில்லை. விழுப்புரம் பஸ் நிலையத்தில் எதிரே பார்த்தால் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் வீட்டுக்கு இரண்டு தடவை மன்னிப்புக் கேட்கப் போனேன், கதவு திறக்கவில்லை. மற்றதெல்லாம் சிரிப்பாகிவிட்டது, அது ஆகவில்லை. ஒருவர் புடவையைப் பற்றி நாலு பேருக்குத் தெரியும்படி செய்தது பெரிய தப்பு.

இதெல்லாம் நடந்து மூன்று வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் காபித் தட்டோடு வருவதற்குள் அத்தை இந்தக் கதையை ஆறாவது பச்சைப் பொத்தானில் ஆரம்பித்து சாம்பார் உப்பு வரை மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சொல்லி முடித்திருந்தார். பெரியப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். சரி, இந்த இடம் போச்சு என்று நினைத்துக்கொண்டு காபியை நீட்டினேன்.

அந்த அம்மா சிரிக்காமல் என்னையே பார்த்தார். ஒரு வாய் குடித்தார். பிறகு என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, தன் வீட்டார் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, என் காதோடு சொன்னார்.

"எங்க ஊட்டு லிஸ்ட்டயும் நீயே அடிச்சிடும்மா. எங்க நாத்தனாருக்கு எதிர இன்னா எழுதணும்னு நான் சொல்றேன்."